ஏழாம் தட்டின் முதுகு

மணி பதினொன்றே கால். மூன்று மணிக்குக் கண்காட்சித் திறப்பு விழா. அதே மூன்று மணிக்குப் போலீஸ் சார்ஜென்டும் வருவார், மேவிஸ் ஸ்டப்ஸைக் கூட்டிக்கொண்டு போக.

லென் பேக்னலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பதினான்கு வருஷம் பஸ் ஓட்டியவன். எதுவும் நகராமல் நின்றால் வலது கால் தானாக ஆக்ஸிலேட்டரைத் தேட ஆரம்பித்துவிடும். ஹேட்டன் மண்டபத்தின் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் முப்பதாவது தடவையாக நடந்துகொண்டிருந்தான். வெளியே இங்கிலாந்தின் பர்ஸ்லம் ஊரின் நவம்பர் மழை, பெய்யவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று காலையிலிருந்து நசநசத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஏதாவது செய்யலாம். யாரையாவது துரத்தலாம். ஒண்ணும் இல்லேன்னா யாரையாவது முறைச்சாவது பாக்கலாம்."

"உக்காரு லென்."

"உக்காந்தா யோசனை வந்துடும். அதுக்குப் பயந்துதான் நடக்கிறேன்."

ஹெட்டி கோப் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு தட்டை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்திரண்டு. லென்னை உதவிக்கு வைத்துக்கொண்டு துப்பறிய வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் பீங்கான் ஆலை ஒன்றில், தரம் பிரிக்கும் அறையில் வேலை பார்த்தவள். தட்டை விரலால் சுண்டிக் கேட்பாள், விளக்குக்கு நேரே பிடிப்பாள், கட்டைவிரலால் விளிம்பைத் தடவுவாள். இது தேறும், இது தேறாது, அவ்வளவுதான். இப்போது மனிதர்களை அதே மாதிரி பிரித்துப் போடுகிறாள். சம்பளம் குறைவு, குப்பை அதிகம் என்பது அவள் புகார்.

விவகாரம் இதுதான். ஊரின் பெரிய பீங்கான் முதலாளி கிளெமென்ட் தர்ஸ்பி. இந்த மண்டபத்துக்கும் அவர்தான் தலைவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஆம்ப்ரோஸ் தர்ஸ்பி, விக்டோரியா ராணி காலத்தில், 1879-ல் வரைந்த பன்னிரண்டு பழத்தட்டுகள் அந்த வீட்டு அலமாரியை விட்டு வெளியே வந்ததே இல்லை. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வேலியோரக் காட்சிகள். அவற்றை இப்போது முதல்முறையாக ஊர் பார்க்கட்டும் என்று தர்ஸ்பி மனமிரங்கியிருந்தார். 'சாப்பாட்டு மேசையில் ஓர் ஓவியக்கூடம்' என்று வாசலில் பெரிய பலகையும் வைத்தாகிவிட்டது.

இன்று காலை எட்டரைக்கு மண்டபத்துப் பணிப்பெண் மேவிஸ் தூசி தட்டுவதற்காக ஏழாவது தட்டைக் கையில் எடுத்தாள். "ஐயையோ, இது நம்ம தட்டு இல்ல!" என்று கத்தினாள். நேற்று கழுவும்போது அடி விளிம்பில் ஒரு சின்னப் பொக்கை கட்டைவிரலில் நெருடியது. இன்றைக்கு வழவழவென்று இருக்கிறது. லண்டனிலிருந்து வந்திருந்த இன்ஷூரன்ஸ்காரன் லாவிங்டன் தன் பட்டியலைப் புரட்டினான். ஏழாம் எண், அடி விளிம்பில் பொக்கை என்று அதிலும் இருந்தது. ஆக, மேடையில் இருப்பது போலி. ராத்திரி பூட்டிய சாவி மேவிஸிடம் மட்டும்தான். தர்ஸ்பி ஒரு நொடி யோசிக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பார்த்து, "எங்க வச்சிருக்கீங்க மேவிஸ்?" என்று கேட்டுவிட்டார். மூன்று மணிக்குள் தட்டு திரும்பி வந்தால் புகார் வேண்டாம் என்று பெருந்தன்மை வேறு.

"திருடினவ தானே கத்துவாளா?" என்றான் லென்.

"கத்தினா சந்தேகம் வராதுன்னு கத்தினேனாம். சார் சொல்றாரு." மேவிஸ் மூன்று கோப்பைத் தேநீரோடு உள்ளே வந்தாள். அழுது முடித்த முகம். ஹெட்டியோடு ஒரே பெஞ்சில் தட்டுப் பிரித்தவள், அந்த உரிமையில்தான் காலை ஒன்பது மணிக்கே போன் செய்திருந்தாள். "பத்தொம்பது வருஷம் ஹெட்டி. இந்த மண்டபத்துல ஒரு டீஸ்பூன் காணாமப் போனதில்ல. மூணு மணிக்கு என்னை வண்டியில ஏத்துறத எங்க தெருவே ஜன்னல்ல நின்னு பாக்கும். அப்புறம் நான் குத்தவாளி இல்லன்னு பேப்பர்ல போட்டாலும் எவ படிக்கப் போறா?"

"எவளும் படிக்க மாட்டா," என்றாள் ஹெட்டி. ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. "அதனால மூணு மணிக்கு முன்னாடியே முடிக்கணும். நேத்து சாயந்திரம் என்ன நடந்துச்சு, வரிசையா சொல்லு."

"மத்தியானம் பன்னெண்டையும் வெந்நீர்ல கழுவினேன். இந்த ஏழாம் நம்பர்ல மட்டும் முதுகுல ஒரு பழைய காகிதம் ஒட்டியிருந்துச்சு. ஊறி உப்பிப் போச்சு. உரிஞ்சிடுமோன்னு பயந்து அப்படியே வச்சிட்டேன். நாலு மணிக்கு மேடை போடற தச்சர் வந்தாரு, அஞ்சு மணிக்கு லண்டன்காரர் பட்டியல் எழுத வந்தாரு, பொக்கையை நான் சொல்லச் சொல்லக் குறிச்சுக்கிட்டாரு, ஆறு மணிக்கு சார் வந்தாரு. சார்கிட்ட காகித விஷயத்தைச் சொன்னேன். பரவாயில்ல, நான் பாத்துக்கறேன், நீங்க போய் டீ குடிங்கன்னாரு. அப்புறம் ஆளாளுக்கு அவங்கவங்க சாமானத் தூக்கிட்டுக் கிளம்பினாங்க. தச்சர் கருவிப் பெட்டி, லண்டன்காரர் தோல் பை, சார் வெளிச்சம் சரிபார்க்கக் கொண்டு வந்த மரப்பெட்டி. படி வழுக்குதேன்னு அதுல ஒரு பக்கத்த நானே புடிச்சு கார்ல வச்சேன். பூட்டினேன், வீட்டுக்குப் போனேன். அவ்வளவுதான்."

"இன்னிக்குக் காலைல நீ கத்தினதும் இந்தத் தட்டு யார் யார் கைக்குப் போச்சு? வாங்கினவங்க என்ன பண்ணாங்க?"

"இதென்ன கேள்வி? தச்சர் வாங்கினாரு, திருப்பிப் பாத்தாரு. லண்டன்காரர் வாங்கி, படத்த ஜன்னலுக்கு நேரா புடிச்சு அரை மணி நேரம் உத்து உத்துப் பாத்தாரு. அடி விளிம்பை என்னையே தடவிச் சொல்லச் சொல்லிட்டாரு. சார் ரெண்டு கையாலயும் வாங்கினாரு, மூஞ்சி வெளுத்துப் போச்சு, படத்தப் பாத்தாரு, குடுத்துட்டாரு. ஒம்பது மணிக்கு சார்ஜென்ட் வந்தாரு. அவரும் திருப்பிப் பாத்து, ம்ம் அப்படின்னாரு."

"நானும் வந்ததும் திருப்பித்தான் பாத்தேன்," என்றான் லென். "எனக்கு ம்ம் கூட வரல."

ஹெட்டி எதையும் குறித்துக்கொள்ளவில்லை. தட்டை லென் பக்கம் நீட்டினாள். ஜூலை மாதத்து முட்செடி வேலி. கறுத்த பழங்கள், இலைக்கடியில் நத்தை, நட்டநடுவில் ஒரு குளவி. மற்றதெல்லாம் விளிம்பைச் சுற்றி அடங்கியிருக்க, குளவி மட்டும் தனியாக நடுவில் உட்கார்ந்திருந்தது.

"இது ஏன் நடுவுல இருக்கு, சொல்லு."

"வரைஞ்சவருக்கு இடம் பத்தலையா?"

"உன் பாக்கெட்ல மிட்டாய் இருக்கும். எல்லாத்தையும் இதுல கொட்டு."

லென் கொட்டினான். மிட்டாய்க் குவியலில் குளவி மறைந்தது.

"இப்ப எடுத்துத் தின்னு."

நாலாவது மிட்டாயை எடுத்தபோது உறை விலகி, கறுப்பும் மஞ்சளுமாக அந்தப் பூச்சி எட்டிப் பார்த்தது. லென் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். மேவிஸுக்கே அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தியா? சுவத்துல மாட்டறதுக்கு வரைஞ்ச படம் இல்ல இது. விருந்துக்கு வந்த சீமாட்டி திராட்சையைக் கொறிச்சு முடிக்கிற நேரத்துல அவள ஒரு தூக்குத் தூக்கிப் போடறதுக்கு வரைஞ்சது. இத வரைஞ்ச ஆளு விருந்துல உக்காந்து சாப்பிட்ட ஆளு இல்ல. ஓரமா நின்னு, சாப்பிடறவங்களப் பாத்த ஆளு." ஹெட்டி எழுந்தாள். "போலிதான். ஆனா போலி பண்ணவனும் இந்தத் தட்ட உசுரா நேசிச்சிருக்கான். சரி, எனக்குப் பசிக்குது. எதிர் கடைல ஓட்கேக் சாப்பிடலாம். தர்ஸ்பி சாரையும் அந்த லண்டன் தம்பியையும் நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

"பன்னெண்டாகப் போகுது, அக்காவுக்குப் பசி!" என்று மேலே பார்த்து முறையிட்டுவிட்டு ஓடினான் லென்.

கடைக்குள் ஆவியும் ஈரக் கோட்டு வாடையும். ஓட்கேக் என்றால் கேக் கிடையாது, ஓட்ஸ் மாவில் வார்த்த தோசை. அதில் சீஸும் பன்றி இறைச்சிக் கீற்றும் வைத்து மடித்து, சுடச்சுடத் தட்டில் போட்டுக் கடைக்காரம்மாள் மேசைக்கு அனுப்பினாள்.

தட்டு வந்ததுதான் தாமதம். லென் தன் தட்டைத் தலைக்கு மேலே தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தான். ஹெட்டியும் பார்த்தாள். பக்கத்து மேசையில் ஒரு பாதிரியார், சாப்பாட்டு ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார். கிளெமென்ட் தர்ஸ்பியும், மூன்று பொத்தான் வெல்வெட் வேஸ்ட்கோட்டும் தங்கச் சங்கிலியுமாக, தட்டை ஓட்கேக்கோடு அப்படியே உயர்த்தி, கழுத்தை வளைத்து, அடி முத்திரையைப் படித்தார். உருகிய சீஸ் மெல்ல வழுக்கி வந்து வேஸ்ட்கோட்டில் இறங்கியது.

"நம்ம ஆலை சரக்கு இல்ல," என்று அவர் முகம் சுளித்தார். சீஸ் இறங்கியது அவருக்குத் தெரியவே இல்லை.

லாவிங்டன் முள்கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். "மன்னிக்கணும். இந்த ஊர்ல சாப்பிடறதுக்கு முன்னாடி தட்டுக்கு ஜோசியம் பாப்பீங்களா?"

"எந்த ஆலைல செஞ்சதுன்னு பாக்கணும்ல?" என்றான் லென். "எங்க ஊர்ல பாதிப் பேருக்குச் சோறு போட்டதே தட்டுதான் சார். நான் பொண்ணு பாக்கப் போனப்ப, பொண்ணு மூஞ்சிய அப்புறம்தான் பாத்தேன். முதல்ல கேக் வச்ச தட்டைத் திருப்பிட்டேன். மாமனார் அப்பவே சம்மதிச்சிட்டாரு."

"உங்க சம்சாரம்?" என்றான் லாவிங்டன்.

"அவ இன்னும் யோசிச்சிட்டிருக்கா."

தர்ஸ்பி கூடச் சிரித்தார். லென் ஹெட்டியின் காதோரம் சாய்ந்து, "அக்கா, கவனிச்சீங்களா, லண்டன்காரன் தட்டைத் திருப்பல. காலைலயும் திருப்பல. அவன்தான்! அமுக்கிடலாமா?" என்றான். ஹெட்டி மேசைக்கடியில் அவன் காலை நன்றாக மிதித்தாள்.

"லாவிங்டன் தம்பி, நீங்க ஓவியமெல்லாம் பாத்த ஆளு. போலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அற்புதம்! அதுதான் வயித்தெரிச்சல். அந்தக் குளவி இறக்கைல ஒரு பளபளப்பு இருக்கு பாருங்க, அதெல்லாம் சாமானியக் கை இல்ல."

"மூணு ஞாயித்துக்கிழமை ஆகும்," என்றார் தர்ஸ்பி, வாயில் ஓட்கேக்கோடு. முகத்தில் ஒரு பூரிப்பு. "முதல்ல சாம்பல் நிறம் பூசணும். காயணும். அதுக்கு மேல ரெண்டே ரெண்டு முடி உள்ள தூரிகைல..." சட்டென்று நிறுத்தினார்.

லென் மெல்லுவதை நிறுத்தினான். ஹெட்டி மட்டும் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தாள்.

"நானும் வரையறவன்தானே," என்றார் தர்ஸ்பி. "கொள்ளுத்தாத்தா ரத்தம். ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்காந்து பன்னெண்டையும் நகல் எடுத்தேன். எதையும் ஒளிக்கல. லாவிங்டனுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றான் லாவிங்டன். "எனக்கும் முதல்ல அந்தச் சந்தேகம்தான் வந்துச்சு மேடம். காலைலயே இவர் ஆபீசுக்குப் போய்ப் பாத்தேன். பன்னெண்டு நகலும் பத்திரமா சுவத்துல இருக்கு. ஒண்ணும் குறையல. ஆக இந்தப் போலி வேற எவனோ பண்ணது. தவிர, தன் தட்டைத் தானே யாராவது திருடுவாங்களா? இன்ஷூரன்ஸ் பணமே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு, மனுஷன்!"

"அப்ப அந்தப் பக்கம் கதவு சாத்தியாச்சு," என்று பெருமூச்சு விட்டான் லென்.

"அந்தப் பன்னெண்டையும் எனக்கும் பாக்கணும்போல இருக்கே," என்றாள் ஹெட்டி.

தர்ஸ்பி கடிகாரத்தைப் பார்த்தார். வேலை இருக்கிறது, விழா ஏற்பாடு இருக்கிறது என்றார். ஆனால் யாராவது தன் ஓவியத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் வேண்டாம் என்று சொல்ல அந்த மனிதரால் முடியாது. லாவிங்டன் வேறு, "வாங்க மேடம், பாக்க வேண்டியதுதான்," என்று கிளம்பிவிட்டான்.

மழையில் தெருவைக் கடக்கும்போது லென் ஹெட்டியின் குடைக்குள் புகுந்தான். "எனக்கு மண்டை காயுது. லண்டன்காரன விட்டுட்டு நாம ஏன் ஓவியம் பாக்கப் போறோம்? அவன்தான் திருப்பலையே!"

"காலைலயும் திருப்பல, இப்பவும் திருப்பல. எப்பவும் ஒரே மாதிரி இருக்கற ஆளு மேல எனக்குச் சந்தேகம் வராது."

லென் நாலடி நடந்தான். ஐந்தாவது அடியில் அப்படியே நின்றான். குடை முன்னால் போய்விட்டது, அவன் நனைந்தான்.

"அட," என்றான். "அடப்பாவி மனுஷா!"

ஆலையின் மாடியில் தர்ஸ்பியின் அறை. ஒரு பக்கத்துச் சுவர் முழுக்க மூன்று வரிசையில் தட்டுகள். பதினோரு தட்டுகளை நாலு கொக்கி உள்ள கம்பி மாட்டிகள் பிடித்துக்கொண்டிருந்தன. ஏழாவது மட்டும் கறுப்பு மரச் சட்டத்துக்குள், கண்ணாடி போட்டு இருந்தது.

"அழகு," என்றாள் ஹெட்டி. உண்மையாகவே சொன்னாள். "இது ஒண்ணு மட்டும் ஏன் சட்டத்துக்குள்ள?"

"எனக்கு ரொம்பப் பிடிச்சது அது. நல்லா வந்தது."

ஹெட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கேட்காமலே சட்டத்தைக் கழற்றினாள். பின்பக்கம் முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டி அடைத்திருந்தது. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள்.

"பசை இன்னும் ஈரம் காயல. நேத்து ராத்திரி ஒட்டினதா?"

"அதை வச்சிடுங்க, உடைஞ்சிடும்," என்றார் தர்ஸ்பி.

"தர்ஸ்பி சார், உங்க வயசுக்கு நீங்க எத்தனை தட்டைத் திருப்பியிருப்பீங்க? இப்ப கடைல சீஸ் வேஸ்ட்கோட்ல வழிஞ்சது கூடத் தெரியாம திருப்பினீங்க. அந்த மூணு காசு தட்டையே விடல. ஆனா காலைல உங்க குலதெய்வம் மாதிரி இருக்கற தட்டைக் கைல குடுத்து, இது போலின்னு சொன்னப்ப, நீங்க திருப்பிப் பாக்கல. தச்சர் பாத்தாரு. சார்ஜென்ட் பாத்தாரு. என் லென் பாத்தான். லண்டன் தம்பி பாக்கல, அவருக்கு அந்த வழக்கம் இல்ல. நீங்க ஏன் பாக்கல?"

தர்ஸ்பி தன் வேஸ்ட்கோட்டைக் குனிந்து பார்த்தார். சீஸ் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்னா முதுகுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். அது நீங்க பண்ண நகல். எல்லார் கண்ணும் அந்தப் பக்கம் போயிடக் கூடாதுன்னு பயம். நேத்து மரப்பெட்டில இருந்தது வெளிச்சம் பாக்கறதுக்குக் கொண்டு போன இந்தப் பன்னெண்டு நகலும்தானே? ரெண்டு செட்டும் ஒரே கூரைக்குக் கீழ. பத்து நிமிஷம் போதும். நகலை மேடைல வச்சீங்க. அசலைப் பெட்டில போட்டீங்க. பன்னெண்டு போச்சு, பன்னெண்டு வந்துச்சு, எண்ணிப் பாத்தா கணக்கு சரியா இருக்கும். அந்தப் பெட்டியைத் தூக்க ஒரு கை குடுத்ததே மேவிஸ்தான்."

லாவிங்டன் தன் தோல் பையை நழுவவிட்டான். "நான் எண்ணினேன்," என்றான் பரிதாபமாக. "எண்ணத்தான் செஞ்சேன்."

"ஆனா ஏன்?" என்றான் லென். "தன் வீட்டுத் தட்டை மாத்தி இவருக்கு என்ன லாபம்?"

"அதை முதுகே சொல்லும். கத்தியக் குடு."

லென் பேனாக்கத்தியை நீட்டினான். தர்ஸ்பி ஓரடி முன்னால் வந்தார். லென் வழியில் நின்றான். ஒன்றும் செய்யவில்லை, பஸ் மாதிரி நின்றான், அவ்வளவுதான். ஹெட்டி காகிதத்தைக் கிழித்து, தட்டை வெளியே எடுத்து, கட்டைவிரலை அடி விளிம்பில் ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் தட்டி நின்றது.

"பொக்கை."

பிறகு திருப்பினாள். பழைய காகிதத்தின் பிசிறுகள் ஓரத்தில் இன்னும் ஒட்டியிருந்தன. அந்தக் காகிதம் நூறு வருஷமாக மூடியிருந்த இடத்தில், சூளையில் சுட்டு இறுகிய பொடி எழுத்தில், பழுப்பு நிறத்தில் மூன்று வரிகள் இருந்தன. ஹெட்டி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"'இந்தப் பன்னிரண்டையும் வரைந்தவள் கெசையா டன், ஜன்னலோரப் பெஞ்சு வேலைக்காரி. முதலாளி ஒரு கோடும் போடவில்லை. பெயர் மட்டும் அவருடையது, 1879.'"

கீழே எங்கோ தள்ளுவண்டி ஒன்று கடகடத்துப் போயிற்று. தர்ஸ்பி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். பெரிய ஆகிருதி உள்ள மனிதர், உட்கார்ந்ததும் பாதியாகிவிட்டார்.

"சின்ன வயசுல எங்கப்பா இந்தத் தட்டுங்க முன்னாடி நிக்க வச்சு, உன் கொள்ளுத்தாத்தா கைடா இதுன்னு சொல்வாரு," என்றார். "அதை நம்பித்தான் தூரிகையே எடுத்தேன். நேத்து அந்தக் காகிதம் கைல உரிஞ்சு வந்துச்சு. தலை சுத்திடுச்சு. எனக்குள்ள ஓடறது ஓவியன் ரத்தமே இல்ல. பேர் திருடினவன் ரத்தம்."

"எழுத்து சூளைல வெந்தது. சுரண்டினாலும் போகாது. உடைச்சுப் போட்டிருக்கலாமே?" என்றான் லென்.

"சுத்தியல் எடுத்தேன். ரெண்டு தடவ எடுத்தேன். கை வரல தம்பி. அந்தக் குளவியப் பாத்தா எப்படி வரும்?"

லென்னுக்கு அந்த ஒரு நொடி அவர் மேல் இரக்கம் வந்தது. ஹெட்டிக்கு வரவில்லை. அவள் முகம் சிவந்திருந்தது.

"தட்டை உடைக்கக் கை வரல. ஆனா உசுரோட இருக்கற ஒருத்தியைத் திருடின்னு சொல்ல வாய் வந்துச்சு. செத்துப் போனவர் பேருக்காக மேவிஸ் பேர எடுத்துட்டீங்களே, சார்!"

"அவ கத்துவான்னு நான் எதிர்பார்க்கல," என்றார் தர்ஸ்பி. "யாருமே கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். இன்ஷூரன்ஸ்காரர் பட்டியலோட பக்கத்துல நிக்கிறாரு. வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்." நிமிர்ந்தார். முதலாளிக் குரல் கொஞ்சம் திரும்பி வந்தது. "இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. நகலும் அசலும் தவறுதலா மாறிப் போச்சுன்னு சார்ஜென்ட்கிட்ட சொல்லிடறேன். அது ஒரு வகைல உண்மைதான். மேவிஸுக்கு வேலை அப்படியே இருக்கும். இந்தத் தட்டு சட்டத்துக்குள்ளயே இருக்கட்டும். நாலு பேருக்குத் தெரிஞ்சது நாலு பேரோட போகட்டும்."

லாவிங்டன் தொண்டையைச் செருமினான். "எங்க கம்பெனிக்கு இழப்பு இல்ல. நான் கோப்பை மூடிடலாம்."

மணி இரண்டு பத்து. ஹெட்டி தட்டைத் தன் சால்வையில் சுற்றினாள். "இதுக்கு சரின்னு சொல்ல வேண்டியவ நான் இல்ல. வாங்க, கேக்கலாம்."

மண்டபத்தின் பின்னறையில் மேவிஸ் கோட்டு மாட்டி, தொப்பி வைத்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். போலீஸ் வண்டிக்கு அவ்வளவு நேரத்தோடு தயாராகியிருந்தாள். அதைப் பார்த்த லென் சட்டென்று போய் அவள் கைப்பையை வாங்கி அலமாரி மேல் வைத்தான்.

ஹெட்டி சுருக்கமாகச் சொன்னாள். மேவிஸ் தட்டை வாங்கினாள். பொக்கையைத் தடவினாள். மூன்று வரிகளையும் உதடு அசைய, இரண்டு தடவை படித்தாள். தர்ஸ்பி தன் யோசனையைச் சொல்லி முடிக்கும்வரை அவரைப் பார்க்கவே இல்லை.

"காலைல எத்தனை பேர் முன்னாடி சார் என்னை அப்படிக் கேட்டீங்க?"

"மேவிஸ், அது ஒரு பதட்டத்துல..."

"ஆறு பேர். நான் எண்ணினேன். அந்த ஆறு பேரு இந்நேரத்துக்கு ஆளுக்குப் பத்து பேர்ட்ட சொல்லியாச்சு. எங்க தங்கச்சி பக்கத்து ஊரு ஹேன்லில இருக்கா, அங்கிருந்து போன் பண்ணி அழறா. இப்ப நீங்க சார்ஜென்ட் காதுல ரகசியமா மாறிப் போச்சுன்னு சொன்னா, ஊர் என்ன சொல்லும்? பாவம், முதலாளி நல்லவரு, கிழவியக் காப்பாத்தி விட்டாருன்னு சொல்லும். நான் சாகற வரைக்கும் நீங்க காப்பாத்தி விட்ட திருடியா இருக்கணும்."

தர்ஸ்பி தங்கச் சங்கிலியை விரலில் சுற்றினார்.

"எனக்கு அது வேண்டாம்," என்றாள் மேவிஸ். "வாசப்படில நின்னு சொல்லுங்க. விழாவுக்கு வந்த அத்தனை பேர் முன்னாடியும். நான் எடுக்கலன்னு சொல்லுங்க. நீங்க எடுத்தீங்கன்னு சொல்லுங்க. ஏன் எடுத்தீங்கன்னும் சொல்லுங்க. இந்தப் பொண்ணு பேரயும் சொல்லிடுங்க, அவளும் நூறு வருஷமா காத்திட்டிருக்கா. இல்லேன்னா நான் சார்ஜென்ட் கூட வண்டில ஏறறேன். ஸ்டேஷன்ல ஹெட்டி இந்தத் தட்ட மேசை மேல வைக்கட்டும். அப்புறம் நடக்கறது நடக்கட்டும்."

"என்னால முடியாது மேவிஸ்," என்றார் தர்ஸ்பி. கெஞ்சினார். "என் ஆலைல வேலை பாக்கறவங்க எல்லாம் நிப்பாங்க."

"என் தெருக்காரங்களும் நிப்பாங்க."

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லென் வாசல் கதவின் இரண்டு பக்கங்களையும் திறந்தான். படிக்குக் கீழே தெரு அடைத்த கூட்டம். குடைகள், தொப்பிகள், ஆலைச் சீருடைகள். முன்வரிசையில் சார்ஜென்ட், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விஷயம் கேள்விப்பட்டு, தட்டுப் பார்க்க வந்தவர்களை விட மேவிஸைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். அவள் வெளியே வந்ததும் ஒரு முணுமுணுப்பு முன்னாலிருந்து பின்னால் வரை ஓடியது. மேவிஸ் தலை குனியவில்லை. தூணோரமாகப் போய் நின்றுகொண்டாள். ஹெட்டி அவள் பக்கத்தில் நின்று, யாருக்கும் தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தர்ஸ்பி படியின் விளிம்புக்கு வந்தார். எழுதி வைத்திருந்த விழாப் பேச்சை எடுத்தார், அதைப் பார்த்தார், மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். லென் அவருக்கு ஒரு முழம் பின்னால் நின்றான். ஓடுவதானால் உள்ளேதான் ஓட வேண்டும், அந்த வழியை அவன் அடைத்திருந்தான்.

"நண்பர்களே," என்றார் தர்ஸ்பி. "மேவிஸ் ஸ்டப்ஸ் எதையும் திருடவில்லை. தட்டை எடுத்தது... எடுத்தது நான்."

அவர் குரல் மழையில் கரைந்து முதல் வரிசையைத் தாண்டவில்லை. சார்ஜென்டின் புருவம் மட்டும் உயர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் என்ன, என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். தர்ஸ்பி, சொல்லியாகிவிட்டது, போதும்தானே என்கிற முகத்தோடு மேவிஸைத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தமாச் சொல்லுங்க சார்," என்றாள் மேவிஸ். "கடைசில நிக்கறவங்களுக்குக் கேக்கல."

தர்ஸ்பி கூட்டத்தின் பக்கம் திரும்பி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.